குட்டிப் பாம்பு விரலில் வாய் வைப்பது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனையும் பால்மரமும் சூழ்ந்த தாமான் எனப்படும் குடியிருப்புகளிலும் பழைய தோட்டத்து லயங்களிலும், கோர்ன் ஸ்னேக், போல் பைத்தன் போன்ற நஞ்சில்லாப் பாம்புகளை வளர்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். பெரும்பாலான விடைகள், முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் மனிதர் பராமரிப்பில் வளர்ந்த, இனம் உறுதியாகத் தெரிந்த, நஞ்சில்லாக் குட்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். தோட்டத்தில் பிடிபட்ட பாம்புக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது; அதற்குத் தனி விடை பின்னால் வருகிறது.

எங்கள் கோர்ன் ஸ்னேக் குட்டி சீறாமல், பாயாமல், விரலை மெதுவாகக் கவ்விக்கொள்கிறது. இது பாசமா, கோபமா?

இரண்டும் இல்லை. உங்கள் விரல் உண்ணத்தக்கதா என்று அது பார்க்கிறது. கூர்ந்து கவனித்தால், நடப்பது ஏறக்குறைய ஒரே வரிசையில் நடப்பது தெரியும். கையின்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும் குட்டி வேகத்தைக் குறைக்கும். நாக்கு முன்பைவிட அடிக்கடி வெளியே வந்து ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டுச் செல்லும். மூக்கு நுனியை விரலின் பக்கவாட்டில், பெரும்பாலும் இரண்டு விரல்கள் சேரும் சதைப்பற்றான இடத்தில் வைத்து அழுத்தும். பிறகு வாயைச் சற்றே திறந்து, கீழ்த்தாடையை அடியில் செருகி, மேல்தாடையை வைத்து மூடும். அதற்குப் பின் வலப்பக்கத் தாடையும் இடப்பக்கத் தாடையும் மாறி மாறி முன்னேறும். பார்ப்பவர்கள் அதை மெல்லுகிறது என்பார்கள். பாம்பு எதையும் மெல்லுவதில்லை. இரையின்மேல் தன் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போவதே அதன் உண்ணும் முறை.

இதற்கு அடிப்படை வாசனை. பாம்பின் நாக்கு காற்றிலும் தோலிலும் உள்ள வாசனைத் துகள்களை எடுத்து, மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பிடம் சேர்க்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்து சில மாதங்களே ஆன குட்டிக்கு உலகில் தெரிந்த இரை மிகக் குறைவு. உங்கள் விரலோ, அது வாரந்தோறும் விழுங்கும் கண் திறக்காத எலிக்குஞ்சின் பருமனும் வெதுவெதுப்பும் கொண்டது. அதில் எலியின் வாசனையும் சிறிது ஒட்டியிருந்தால், குட்டி வாய் வைத்துப் பார்ப்பதில் வியப்பில்லை.

நாய்க்குட்டியைப் போலப் பல் முளைக்கும் தினவினால் கடிக்கிறதா?

இல்லை. பாம்புக்குட்டி பற்களோடுதான் முட்டையை விட்டு வெளியே வருகிறது. அந்தப் பற்கள் வாழ்நாள் முழுவதும் விழுந்து விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். அதனால் அதற்குத் தினவோ விளையாட்டுக் கடியோ கிடையாது. கடிப்பதற்கு எதையாவது கொடுத்துப் பழக்க வேண்டிய தேவையும் இல்லை.

பயத்தில் கடிப்பதையும் இரை என்று நினைத்துக் கடிப்பதையும் எப்படிப் பிரித்தறிவது?

கழுத்தைப் பாருங்கள். பயந்த குட்டி, கழுத்தையும் உடலின் முன்பகுதியையும் வளைவு வளைவாக மடக்கிப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொள்ளும். தலையைத் தட்டையாக்கிப் பெரிதாகக் காட்டும்; சீறும். கோர்ன் ஸ்னேக் குட்டிகள் வாலை வேகமாக அதிரச் செய்யும். அடியில் தாளோ உலர்ந்த இலையோ இருந்தால் அந்த அதிர்வு சடசடவென்று கேட்கும். இந்த நிலையில் விழும் கடி, கண் இமைக்கும் நேரத்தில் விழுந்து, உடனே விட்டுவிடும். பெரும்பாலும் அது தோலைக் கீறக்கூடச் செய்யாது. சில வேளைகளில் குட்டி வாயைத் திறக்காமல் மூக்கால் இடித்துவிட்டே பின்வாங்கும். அதற்கு வேண்டியது நீங்கள் விலகிப் போவது மட்டுமே.

இரை தேடும் குட்டியின் நடத்தை இதற்கு நேர்மாறானது. உடல் உங்களை விட்டுப் பின்வாங்காது, உங்களை நோக்கி வரும். தலை நிமிர்ந்து, பார்வை அசையும் விரலையே தொடரும். வாய் வைத்த பிறகு விடாது. உடலைக் கொண்டு விரலைச் சுற்றி இறுக்கவும் முயலும். ஆகவே கடித்த பின் என்ன செய்தது என்பது மிகத் தெளிவான அடையாளம்: விட்டுவிட்டால் பயம், பற்றிக்கொண்டால் பசி. நான் இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பயத்துக்கான மருந்து வேறு, பசிக்கான மருந்து வேறு. பயந்த குட்டியைப் பசியென்று நினைத்து மேலும் மேலும் ஊட்டுபவர்களும், பசித்த குட்டியை முரடு என்று நினைத்துப் பழக்குகிறேன் என்று நாள்தோறும் கையில் எடுப்பவர்களும், அந்தப் பாம்பை மேலும் கெடுக்கிறார்கள்.

பெரிய பாம்பைவிடக் குட்டி ஏன் அதிகம் கடிக்க வருகிறது?

அதன் அளவில் இருப்பதையெல்லாம் தின்னக்கூடிய உயிர்கள் பல என்பதால்தான். முட்டையை விட்டு வரும் கோர்ன் ஸ்னேக் குட்டி ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். ஆந்தை, உடும்பு, கோழி என்று எதுவும் அதை விழுங்கிவிடும். மேலிருந்து இறங்கும் கை, பறவையின் வருகையைப் போலவே அதற்குத் தெரியும். எனவே கையைப் பக்கவாட்டிலிருந்து, தாழ்வாகக் கொண்டுபோய், உடலின் நடுப்பகுதிக்குக் கீழே கொடுத்து எடுங்கள். தலைக்கு மேலிருந்து ஒருபோதும் பிடிக்காதீர்கள். புதிதாக வாங்கி வந்த குட்டியை முதல் வாரம் தொடாமலே விட்டு, அது அமைதியாக ஒருமுறையாவது இரை எடுத்த பின்னரே கையாளத் தொடங்குவது நல்லது. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும்.

கையில் என்ன வாசனை இருந்தால் வாய் வைக்கும்?

முதலிடம் எலிக்கு. உறைய வைத்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கிக் கொடுத்த பின், கையை நீரில் மட்டும் அலசிவிட்டுப் பாம்பை எடுப்பது நம் வீடுகளில் நடப்பதுதான். வெள்ளெலியோ முயலோ பறவையோ வளர்ப்பவர்கள் அவற்றைத் தொட்ட கையோடு பாம்பைத் தொடக் கூடாது. கோழி வெட்டிய கைக்கும் இது பொருந்தும். சமையல் முடித்துவிட்டு வரும்போது, சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள்.

போல் பைத்தனுக்கு வாசனையோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. அதன் மேலுதட்டில் வரிசையாக உள்ள சிறு குழிகள் வெப்பத்தை உணர்பவை. இரையின் வாசனை அறை முழுவதும் பரவியிருக்கும் நேரத்தில், இளக்கிய எலி சூடாறிப்போய் இடுக்கியில் தொங்க, அதைவிடச் சூடான உங்கள் கை அருகில் இருந்தால், பாம்பு கையைத்தான் தேர்ந்தெடுக்கும். இரையை வெதுவெதுப்பாகக் கொடுத்து, கையை எட்டத்தில் வைத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு. அதற்காகத்தான் நீளமான இடுக்கி. ஊர்வனவற்றுக்கென்று விற்பதே வேண்டும் என்பதில்லை, சமையலறையில் பயன்படுத்தாத நீண்ட இடுக்கி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடலாம்.

பெட்டியைத் திறந்தாலே வாயோடு பாய்கிறது. என்ன செய்யலாம்?

பெட்டி திறக்கும் போதெல்லாம் இரை மட்டுமே வந்திருந்தால், திறப்பது இரைக்கான அறிகுறி என்று குட்டி கற்றுக்கொள்ளும். அதை மாற்றுவது எளிது. கையாள எடுக்கும் நாள்களில், மூடியைத் திறந்ததும் முதலில் உருட்டிய தாளாலோ மெல்லிய குச்சியாலோ அதன் உடலின் நடுப்பகுதியை மென்மையாக ஒருமுறை தடவுங்கள். இரை கொடுக்கும் நாளில் அதைச் செய்யாதீர்கள். சில வாரங்களில், தடவல் வந்தால் இரை இல்லை என்று அது புரிந்துகொண்டு தளர்ந்துவிடும். இடையிடையே, திறந்து தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு மூடுங்கள்.

இரைக்காகவே வேறொரு பெட்டிக்கு மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்னும் உலவுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்டு முடித்த பாம்பை, வேட்டை வேகம் தணியாத நிலையில், கையால் எடுத்துத் திரும்ப வைப்பதுதான் கடிபடுவதற்குச் சுலபமான வழி. விழுங்கிய இரையை அது கக்கிவிடவும் கூடும். இருந்த இடத்திலேயே கொடுங்கள். கொடுத்த பின் குறைந்தது 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள்.

பசியையும் சரிபாருங்கள். இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதியின் அளவுக்கு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். குட்டிகளுக்கு ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். எலிக்குஞ்சின் அளவை மாதக்கணக்கில் உயர்த்தாமலே இருந்தால், வளர்ந்துவிட்ட பாம்பு எப்போதும் பசியோடுதான் உங்களைப் பார்க்கும்.

எல்லா இனங்களும் ஒரே மாதிரிதானா?

இல்லை. மெதுவாக வாய் வைத்துப் பார்க்கும் பழக்கம் கிங் ஸ்னேக், மில்க் ஸ்னேக் ஆகியவற்றிடம் மிக அதிகம். இங்கே சொல்லும் கிங் ஸ்னேக் வட அமெரிக்காவைச் சேர்ந்த நஞ்சில்லாப் பாம்பு, நம் காட்டு ராஜநாகம் அன்று. கோர்ன் ஸ்னேக் அடுத்த நிலையில் வரும். போல் பைத்தன் குட்டி பயந்தால் பெரும்பாலும் பந்தாகச் சுருண்டு தலையை மறைத்துக்கொள்ளும்.

ஹோக்னோஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. மேல்நோக்கி வளைந்த மூக்கும் குட்டையான உடலும் கொண்ட அந்தப் பாம்பு சீறிப் பாய்வதெல்லாம் பெரும்பாலும் வெறும் மிரட்டல்தான். ஆனால் அதற்கு மேல்வாயின் பின்பகுதியில் பெரிய பற்களும் வீரியம் குறைந்த நஞ்சும் உண்டு. இரை என்று எண்ணி விரலைப் பற்றி நெடுநேரம் கவ்வவிட்டால், கை வீங்கிச் சில நாள்கள் வலிக்கும். வாய் வைத்துப் பார்க்கட்டும், பரவாயில்லை என்ற போக்கை ஹோக்னோஸிடம் காட்டவே கூடாது.

வாய் வைக்கப் போகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது?

அசையாமல் நின்று, வேறொரு கையால் அதன் உடலைத் தாங்கி, தலையை மெதுவாகத் திசைதிருப்புங்கள். விரலை வெடுக்கென்று இழுத்தால், மெல்ல வைத்த வாய் உடனே இறுகும், ஏனெனில் தப்பி ஓடுவது இரையின் செயல். முகத்தில் ஊதுவது, மூக்கில் சுண்டுவது போன்ற வேலைகள் வேண்டாம். பசியில் இருந்த பாம்புக்கு அவை பயத்தையும் சேர்த்துக் கொடுக்கும். பிறகு அதைப் பெட்டியில் விட்டு, கையைக் கழுவிவிட்டு வாருங்கள். பயத்தில் கடித்தது என்றால் மட்டும் உடனே பெட்டியில் போடாமல், அது அடங்கும் வரை சிறிது நேரம் முன்கையில் விட்டு வைத்து, அமைதியான பின் இறக்குவது நல்லது.

கடித்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எப்படி விடுவிப்பது?

பாம்பின் பற்கள் தொண்டையை நோக்கி, பின்பக்கமாக வளைந்தவை. நஞ்சில்லாப் பாம்புக்கு மேல்வாயில் நான்கு வரிசையும் கீழ்வாயில் இரண்டு வரிசையும் உண்டு. நீங்கள் கையை வெளியே இழுக்க இழுக்க அவை ஆழப் பதியும். உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும், தாடையும் காயப்படும்.

ஆகவே இழுக்க வேண்டாம். உட்கார்ந்து, கடிபட்ட கையை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். குட்டியாக இருந்தால், ஒன்றும் செய்யாமல் ஓரிரு நிமிடம் காத்திருந்தாலே, விழுங்க முடியாத பொருள் என்று தெரிந்து விட்டுவிடும். விடாவிட்டால், குழாயில் குளிர்ந்த நீரை மெல்லிய ஓட்டமாகத் திறந்து, நீர் அதன் வாயோரத்தில் படும்படி கையைக் காட்டுங்கள். சூடான நீர் கூடாது. உடலால் சுற்றியிருந்தால் வால் நுனியிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து வாருங்கள். தலையிலிருந்து தொடங்கினால் மேலும் இறுக்கும். தாடை தளரும்போது, அதன் தலையைச் சற்று முன்னோக்கி, அதாவது உங்கள் கையை நோக்கித் தள்ளினால், வளைந்த பற்கள் தாமாகக் கழன்றுகொள்ளும்.

விடுபட்ட பின் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, கிருமிநாசினி தடவுங்கள். சிறு முள்ளைப் போல ஏதேனும் தோலில் நெருடினால் அது உடைந்த பல், எடுத்துவிட வேண்டும். இழுப்பு நோய்த் தடுப்பூசி, அதாவது டெட்டனஸ் ஊசி, காலாவதியாகிவிட்டதா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நாள்களில் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வெயில் நாள்களில் அதிகம் எரிச்சலாக இருக்கிறதே?

வெளிநாட்டவர் எழுதிய வளர்ப்பு முறைகளில் பாதி, பாம்பை எப்படிச் சூடாக வைத்திருப்பது என்பதைப் பற்றியவை. நம் ஊரில் தொல்லை அதற்கு நேர் எதிர். கோர்ன் ஸ்னேக்குக்குப் பெட்டியின் வெப்பமான முனை 30 டிகிரி செல்சியஸ் அளவிலும், குளிர்ந்த முனை 24 டிகிரி அளவிலும் இருந்தால் போதும். தகரக் கூரைக்குக் கீழே, சாத்திய அறையில், பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கிறது என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள். 35 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு முன்பே குட்டி அமைதியிழந்து, கண்ணாடியில் மூக்கைத் தேய்த்து, தொட்டால் பாயும். வீட்டின் கீழ்த்தளத்தில், சுவரோரமாக, காற்றோட்டமுள்ள நிழலான இடத்துக்குப் பெட்டியை மாற்றுங்கள். ஒளிந்துகொள்ள முனைக்கொரு கூடு வையுங்கள். ஒளிய இடமில்லாத பாம்பு எப்போதும் போருக்கு நிற்கும்.

சட்டை உரிக்கும் நேரத்தில் கையாளலாமா?

வேண்டாம். கண் நீலம் பாய்ந்து மங்கியிருக்கும் நாள்களில் அதற்குச் சரியாகப் பார்வை தெரியாது. சட்டையைக் கழற்றும் வரை விட்டுவிடுங்கள். தண்ணீரும் ஈரப்பதமும் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிக்கவில்லை, ஆனால் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இதுவும் அதே பழக்கமா?

இரை விழுங்கிய பின் தாடையைச் சரிசெய்துகொள்ள ஓரிரு முறை கொட்டாவி விடுவது இயல்பு. வாயைத் திறந்தபடியே மூச்சு விடுவது, மூச்சில் கரகரப்பு, மூக்கிலோ வாயோரத்திலோ சளிக்குமிழி, ஈறு சிவப்பு, பாலேடு போன்ற கசடு ஆகியவை நோயின் அறிகுறிகள். நுரையீரல் தொற்றும் வாய்ப்புண்ணும் வீட்டு மருந்துக்குக் கட்டுப்படா. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எல்லாச் சிற்றூரிலும் கிடைப்பதில்லை. பாம்பை வாங்குவதற்கு முன்பே, ஈப்போவிலோ பினாங்கிலோ யார் பார்ப்பார் என்று விசாரித்து எண்ணை எழுதி வைத்துக்கொள்வதே பொறுப்புள்ள செயல்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில்?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பாம்பையோ அதன் பெட்டியையோ தொடக் கூடாது. கடியைவிடப் பெரிய காரணம் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிரி. நலமாகத் தோன்றும் ஊர்வனவும் அதைச் சுமந்திருக்கும். பெரியவர்களும் ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும். பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

தோட்டத்தில் ஒரு குட்டிப் பாம்பு கிடைத்தது. அதுவும் மெதுவாகத்தான் வாய் வைத்தது, வளர்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் மிகுந்த அக்கறையோடு எழுதும் விடை இதுதான். மென்மையான கடி என்பது நஞ்சில்லாக் கடி என்று பொருள்படாது. நஞ்சுள்ள பாம்பின் குட்டிக்குப் பிறந்த நாளிலிருந்தே நஞ்சு உண்டு. கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட மலாயாக் கட்டுவிரியன் கடித்தால் பல வேளைகளில் வலியே தெரியாது, வீக்கமும் இராது. சில மணி நேரத்தில் இமை தொங்கி, மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். கழுத்தில் மஞ்சளும் சிவப்பும் கொண்ட, தவளை தேடி ஈரமான இடங்களில் திரியும் மெல்லிய பாம்பு ஒன்று தென்கிழக்காசியாவில் உண்டு. சாதுவாகத் தோன்றும் அந்தப் பாம்பு, வாய் வைத்து நெடுநேரம் கவ்வினால், பின்பற்களின் வழியாக ஏறும் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையையே கெடுத்துவிடும். வளர்ப்புப் பாம்பின் மெல்லிய கவ்வலைப் போலவே தோற்றமளிப்பதுதான் இதன் பயங்கரம். பினாங்குப் பாம்புக் கோயிலில் விரியன்கள் அசையாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அவை கடிக்காதவை என்று எண்ணுபவர்களும் உண்டு. பகல் முழுவதும் கிளையில் அசையாதிருப்பது அந்த இனத்தின் இயல்பு. நஞ்சு அப்படியேதான் இருக்கிறது.

காட்டுப் பாம்பு கடித்தால், இறுக்கிக் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம். எட்டத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். வீட்டுக்குள் பாம்பு வந்தால் 999 எண்ணை அழையுங்கள்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நம் தோட்டங்களில் காணப்படும் மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் இல்லாமல் அதைப் பிடிக்கவோ வைத்திருக்கவோ முடியாது. கடையில் வாங்கும் பாம்புக்கும் முன்கூட்டியே பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்குத் துறை, அலுவலகத்தில் விசாரியுங்கள். போல் பைத்தன் போன்றவை அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள இனங்கள். வளர்க்க முடியாமல் போனாலும் செம்பனைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வேறு நாட்டு இனத்தை நம் மண்ணில் பரப்புவதும், அந்த உயிரைப் பட்டினிக்கு அனுப்புவதும் ஒருசேர நடக்கும்.

வளர்ந்தால் இந்தப் பழக்கம் நின்றுவிடுமா?

பயத்தில் கடிப்பது, ஒழுங்காகக் கையாளப்படும் கோர்ன் ஸ்னேக்கிடமும் போல் பைத்தனிடமும் முதல் ஓராண்டுக்குள் பெரிதும் குறைந்துவிடும். இரை என்று நினைத்து வாய் வைப்பது வயதால் தானாக நிற்காது. கை கழுவுவதாலும் இடுக்கியாலும் உணவு ஒழுங்காலும்தான் நிற்கும். பல மாதங்கள் அமைதியாக இருந்த பாம்பு திடீரென்று கடிக்கத் தொடங்கினால், முதலில் கண் மங்கியிருக்கிறதா, பெட்டி சூடேறியிருக்கிறதா, இரையின் அளவு சிறுத்துவிட்டதா, கடைசியாக எப்போது மலம் கழித்தது என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் கடி தொடர்ந்தால், தொடும்போது உடலில் எங்கோ வலிக்கிறது என்று கொண்டு, மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.